பழகிய கை வேண்டும்!

(பட்டிமன்றத் தலைப்பு: முதுமைக்குப் பெருந்துணை பெற்ற பிள்ளைகளின் பாசமா? பயிற்சி பெற்ற கைகளா? பெரம்பலூர் மேடையில் ‘பயிற்சி பெற்ற கைகளே’ என்ற அணியின் நிறைவுப் பேச்சு.)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்களையெல்லாம் அழவைத்துவிட்டு இப்போது நிம்மதியாகச் சோடா குடித்துக்கொண்டிருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) எனக்கு முன்னால் வாதங்களை அள்ளி வைத்துவிட்டுப் போன என் அணித் தோழர்களே! பெரம்பலூரில் இருந்தும் அரியலூரில் இருந்தும் வந்து, நாற்காலி போதாமல் ஓரத்தில் நின்றுகொண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் இருந்து பார்க்கிற அன்பர்களே! 

நடுவர் அவர்களே, இந்தத் தலைப்பை இந்த ஊர்ல கொண்டாந்து வச்சீங்களே, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு. ஏன்னா இந்த ரெண்டு மாவட்டத்துக் கதையே ஒரு குடும்பக் கதைதான். 1995-ல திருச்சிங்கற பெரிய வீட்டுல இருந்து பாகம் பிரிச்சுக்கிட்டுப் பெரம்பலூர் தனியா வந்துச்சு. 2001 சனவரியில அரியலூர் தனிக்குடித்தனம் போச்சு. தாங்கல. 2002-ல மறுபடியும் கூட்டுக் குடும்பம். 2007 நவம்பர்ல திரும்பவும் தனிக்குடித்தனம். (சிரிப்பு)

நடுவர்: பாகம் பிரிச்சதுல யாருக்கு என்ன போச்சுங்கய்யா?

ரயிலு அரியலூருக்குப் போச்சுங்க. நாலு வழிச் சாலை பெரம்பலூருக்கு. (சிரிப்பு, கைதட்டல்) சிரிக்கிறீங்க. ஆனா அந்த ரயிலும் அந்தச் சாலையும்தான் நம்ம பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போச்சு. அரியலூர் டேசன்ல ஏறினவன் சென்னையில இறங்கினான். பெரம்பலூர்ல பஸ் ஏறினவன் திருப்பூர்ல இறங்கினான். லப்பைக்குடிக்காட்டுக்குப் போய்ப் பாருங்க, வளைகுடா நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பின வீடு எத்தனை! பிள்ளை போயிட்டான். பணம் வருது. மாடி எழும்புது. அந்த மாடி வீட்டுக்குக் கீழே திண்ணையில ஒரு கயித்துக் கட்டில். அந்தக் கட்டில்ல ஒரு அப்பாயி. அந்த அப்பாயியைப் பத்தித்தான் இன்னிக்குப் பட்டிமன்றம்.

எதிரணியில எங்க அம்மா பேசினாங்க. “காசு வாங்கிக்கிட்டு வர்றவளுக்குப் பாசம் எங்கேருந்து வரும்?”னு கேட்டாங்க. நீங்க கைதட்டினீங்க. நானும் தட்டினேன். அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, நான் இந்தப் பக்கம்னு. (சிரிப்பு) அம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க கல்லூரியில பாடம் நடத்துறீங்க. மாசம் பிறந்தா சம்பளம் வாங்குறீங்க. அதனால பிள்ளைங்க மேல உங்களுக்குப் பாசம் இல்லாமப் போச்சா? காசு வாங்குனா பாசம் வராதுன்னா, வாத்தியாரும் டாக்டரும் எதுக்கு?

இன்னொண்ணும் சொல்லணும். நான் தமிழ் வாத்தியார். சொல்லைப் பிரிச்சுப் பாக்காம எனக்குத் தூக்கம் வராது. ‘பாசம்’ங்கற சொல்லுக்கு அன்புன்னும் பொருள் இருக்கு, கயிறுன்னும் பொருள் இருக்கு. எமதர்மன் கையில வச்சிருக்கான் பாருங்க, அதுக்கும் பாசம்னுதான் பேரு. வெறும் பாசத்தை மட்டும் நம்பி ஒரு வயசானவங்களைப் படுக்கையில போட்டா, எந்தப் பாசம் முதல்ல வந்து சேரும்னு சொல்ல முடியாது! (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

நடுவர் அவர்களே! நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல ஒவ்வொரு ஊர்லயும் ஒரு மருத்துவச்சி இருந்தாங்க. வலி எடுத்துட்டா, நடுச்சாமம்னாலும் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கிட்டு அவங்களைக் கூட்டியாற ஓடினோம். அந்த வீட்டுல அம்மா இருந்தாங்க, மாமியார் இருந்தாங்க, அத்தை இருந்தாங்க. பாசத்துக்கு என்ன பஞ்சம்? யாராவது “இது பாசமில்லாத குடும்பம், கூலி கொடுத்து ஆளைக் கூப்பிடுது”ன்னு சொன்னாங்களா? சொல்லல. ஏன்? பிள்ளை வெளியே வர்ற நேரத்துக்குத் தேவை பழகின கை. பாசம் வாசல்ல நின்னு சாமியைக் கும்பிட்டுச்சு. கை உள்ளே வேலை பார்த்துச்சு.

உயிர் வரும்போது பழகின கை வேணும்னு ஒத்துக்கிட்ட நாம, உயிர் தளரும்போது மட்டும் “எதுக்கு? பாசம் போதும்”னு சொல்றோமே, இது என்ன நியாயம்? (கைதட்டல்)

இந்தப் ‘பாசம்’ங்கறது வீட்டுக்குள்ள யாருன்னு பார்த்தீங்களா? மேடையில பாசம்னு பேசுறது ஆம்பிளைங்க. விடியக்காலையில எழுந்து மாமனாரோட துணியை அலசிப் போடுறது மருமகள். பேரு நமக்கு, வேலை அவங்களுக்கு. தாய்மார்கள் பக்கத்துல இருந்து கைதட்டல் வருது பாருங்க! ஆம்பிளைங்க பக்கம் ஒருத்தரும் அசையல. (சிரிப்பு)

இது மத்தவங்க கதை இல்லீங்க. என் வீட்டுக் கதை. சொல்லச் சங்கடமாத்தான் இருக்கு. ஆனா சொல்லணும்.

எனக்குச் சொந்த ஊரு செந்துறைப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டுக் கிராமம். என் தாயாருக்கு எண்பத்திரண்டு வயசுல, கிணத்தடியில வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு. ஆபரேஷன் ஆச்சு. வீட்டுக்குக் கூட்டியாந்தோம். படுத்தவங்க எழுந்திரிக்கல. அண்ணனும் அண்ணியும் பார்த்துக்கிட்டாங்க. நான் சனிக்கிழமை சனிக்கிழமை போவேன். எதை எடுத்துக்கிட்டு? ஆரஞ்சுப் பழமும் ஆர்லிக்ஸ் பாட்டிலும். கட்டில் பக்கத்துல உக்காந்து அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணீர் விடுவேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறிடுவேன். நடுவர் அவர்களே, பாசத்துக்கு நான் ஒரு சாட்சி!

எங்க அண்ணிக்கு அப்போ வயசு அறுபது. முழங்கால் வலி. அறுபது வயசு மருமகள் எண்பத்திரண்டு வயசு மாமியாரைப் புரட்டிப் போடணும். ஜப்பான்காரன் இதுக்கு ஒரு பேரே வச்சிருக்கான்: ‘ரோரோ கைகோ’. முதியவரை முதியவரே பராமரிக்கிறதுன்னு பொருள். நம்ம ஊர்ல இதுக்குப் பேரு வைக்கல. ஆனா வீட்டுக்கு வீடு நடக்குது.

ஒரு சனிக்கிழமை போறேன், கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு வாடை. அண்ணி தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. புடவையை விலக்கிப் பார்த்தா, முதுகுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குப் புண்ணு. படுக்கைப் புண். எங்கம்மா ஒரு வார்த்தை சொல்லல. “உங்களுக்கு எதுக்குடா தொந்தரவு”ன்னாங்க.

ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். டாக்டர் கேட்டாரு, “யாரு பாத்துக்கறீங்க?” நான் சொன்னேன், “நாங்க எல்லாருந்தான் சார்.” அவரு நிமிர்ந்து பார்த்தாரு. “எல்லாரும்னா யாரு?” எனக்குப் பதில் இல்லை. முனைவர் பட்டம் வாங்கும்போது வாய்மொழித் தேர்வுல ரெண்டு மணி நேரம் கேள்வி கேட்டாங்க, திணறல. அந்த ஒரு கேள்வியில திணறிப்போனேன்.

அப்புறம்தான் பக்கத்து ஊர்ல இருந்து ஒரு அம்மாவை வரவழைச்சோம். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். நோயாளியைப் பராமரிக்க மூணு மாசம் பயிற்சி எடுத்தவங்க. வந்தாங்க. மத்தவங்க மாதிரி “அய்யோ பாவம்”னு சொல்லல. கண்ணுல தண்ணி விடல. வந்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுங்களா? “அய்யா, வீட்ல கடிகாரம் இருக்கா?”

சுவத்துல கடிகாரத்தை மாட்டச் சொன்னாங்க. ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு போட்டாங்க. ஆறு மணிக்கு இடது பக்கம். எட்டு மணிக்கு மல்லாக்க. பத்து மணிக்கு வலது பக்கம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். ராத்திரிக்கும் அதே கணக்கு. சனிக்கிழமை ராத்திரி ரெண்டு மணி முறை யாருக்கு? முனைவர் அவர்களுக்கு! (சிரிப்பு) நான் பாசமா அம்மாவோட கையைப் பிடிச்சு இழுத்தேன். “இழுக்கக் கூடாதுங்கய்யா, தூக்கணும். அப்பாயிக்குத் தோலு காகிதம் மாதிரி. இழுத்தா உரிஞ்சுடும்”னாங்க. படுக்க வச்சபடியே கஞ்சி கொடுக்கப் போனேன். “தலையைத் தூக்கி உக்கார வச்சுக் கொடுங்க. இல்லேன்னா நெஞ்சுக்குள்ள போயிடும். குடிச்சப்புறமும் அரை மணி நேரம் சாச்சு வைங்க”னாங்க. சிவந்த இடத்துல அழுத்தித் தேய்க்கப் போனேன். “அதைத் தேய்க்கவே கூடாது”ன்னாங்க. குதிகாலைப் பாரு, இடுப்பைப் பாரு, முதுகுத்தண்டு முடியிற இடத்தைப் பாருன்னு ஒவ்வொண்ணா சொல்லிக் கொடுத்தாங்க.

நடுவர் அவர்களே! நான் அம்பது வருஷமா அம்மா பிள்ளை. அந்த அம்மா வந்து அம்பது நிமிஷம். எங்கம்மா உடம்பைப் பத்தி யாருக்குத் தெரிஞ்சிருந்துச்சு? (கைதட்டல்) மூணு மாசத்துல அந்தப் புண்ணு ஆறுச்சு. டாக்டரோட மருந்து, காத்து மெத்தை எல்லாம் துணைக்கு இருந்துச்சு. ஆனா முக்கியமா ஆத்தினது அந்தக் கடிகாரமும் அந்தத் தாளும், அதைப் பார்த்துப் புரட்டின கையும்.

ஒரு வீட்டுக் கதையைச் சொல்லிட்டேன். இனி கணக்கைப் பாருங்க. 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி பெரம்பலூர் மாவட்டத்துல 5,65,223 பேர். அரியலூர் மாவட்டத்துல 7,54,894 பேர். அறுபது வயசு தாண்டினவங்க அப்போ இந்தியாவுல நூத்துக்கு 8.6 பேர், தமிழ்நாட்டுல நூத்துக்கு 10.4 பேர். 2021-க்கு மத்திய அரசு போட்ட மதிப்பீட்டுல தமிழ்நாடு 13.6. 2031-ல 18.2 ஆகும்னு கணக்கு. நமக்கு முன்னால ஒரே ஒரு பெரிய மாநிலம்தான் இருக்கு, கேரளா.

சரி, இந்த ரெண்டு மாவட்டத்துல ஒரு ஆளுகூடக் கூடலைன்னே வச்சுக்குங்க. மாநிலத்துச் சராசரியையே போட்டுப் பாருங்க. 2021 கணக்குல ஒரு லட்சத்து எழுபத்தொன்பதாயிரம் முதியவர்கள் வர்றாங்க. அதுல இருபது பேருக்கு ஒருத்தர்தான் எழுந்திரிக்க முடியாம இருக்கார்னு ஒரு பேச்சுக்கு வச்சாலும், ஒன்பதாயிரம் கட்டில்! ஒன்பதாயிரம் கட்டிலுக்கும் ரெண்டு மணிக்கு ஒரு தடவை கை வேணும். அந்தக் கை எங்கே இருக்கு?

எதிரணித் தம்பி சொன்னாரு, “பெத்த பிள்ளைங்க இருக்காங்க”ன்னு. எத்தனை பிள்ளைங்க? எங்கம்மா பெத்தது ஏழு. எனக்கு ஒண்ணு. 2020-ல எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்குல தமிழ்நாட்டுல ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.4 பிள்ளை. அந்த ஒரு பிள்ளை அமெரிக்காவுக்குப் போயிடுச்சுன்னா, மிச்சம் இருக்கிற புள்ளி நாலு பிள்ளைதான் தம்பி நம்மளைப் பாத்துக்கணும்! (பலத்த சிரிப்பு)

இதைப் பார்த்துத்தான் இன்னிக்கு முதியோர் பராமரிப்புங்கறது ஒரு பெரிய தொழிலா வளர்ந்துக்கிட்டு வருது. கோயமுத்தூரைச் சுத்தி முதியவர்களுக்குன்னே குடியிருப்பு கட்டுறாங்க. சென்னையில வீட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சி தெருவுக்குத் தெரு. முதியோர் மருத்துவத்துக்கு இந்தியாவுக்கே வழி காட்டினது நம்ம சென்னை. 1978-ல அரசு பொது மருத்துவமனையில டாக்டர் வி.எஸ். நடராஜன் அதுக்குன்னு தனிப் பிரிவைத் தொடங்கினாரு. 2024-ல கிண்டியில 200 படுக்கையோட தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தாங்க. எல்லாம் பெருமைதான். ஆனா கட்டடம் வளர்ற வேகத்துல கை வளரல. ஒரு வருஷத்துல கட்டடம் கட்டிடலாம். ஒரு நல்ல கை உருவாகி, அது அந்த வேலையிலேயே நிலைச்சு நிக்கணுமே, அதுதான் கஷ்டம்.

ஏன் நிக்க மாட்டேங்குது? நான் அந்த அம்மாகிட்டயே கேட்டேன். “பன்னெண்டு மணி நேர வேலைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போவாங்க. தங்கி வேலைன்னா இருபத்துநாலு மணி நேரமும் நாங்கதான். ராத்திரி ரெண்டு மணிக்குப் புரட்டணும், காலையில ஆறு மணிக்குக் காபி போடணும். ஒரு நாள் லீவு கேட்டா, ‘மாத்து ஆள் இல்லை’ம்பாங்க. வீட்டுக்காரங்க கொடுக்கிறது ஒண்ணு, ஏஜென்சி எடுத்துக்கிட்டு எங்க கைக்கு வர்றது ஒண்ணு. நர்சு வேலைன்னு சொல்லிக் கூப்பிட்டு, பாத்திரத்தையும் கழுவச் சொல்லுவாங்க. எதாவது காணாமப் போனா முதல்ல எங்க பையைத்தான் தொறந்து பார்ப்பாங்க”ன்னாங்க. இவ்வளவையும் அழாம சொன்னாங்க.

வீட்டுக்காரங்க பயத்துலயும் நியாயம் இருக்கு. முன்னப்பின்ன தெரியாத ஆளை நம்பி, பேச முடியாத தாயை எப்படி விட்டுட்டுப் போறதுன்னு கவலை இருக்கும். அதுக்குத்தான் முறையான பயிற்சி வேணும், சான்றிதழ் வேணும், அடையாளம் விசாரிச்ச பதிவு வேணும்கறோம். அது ரெண்டு பேருக்கும் பாதுகாப்பு.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலைன்னு நான் சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டுல தொடங்கின ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல நம்ம சுய உதவிக் குழுப் பெண்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டாந்து கொடுக்கிறாங்க. நடக்க முடியாதவங்களுக்கு இயன்முறைப் பயிற்சி கொடுக்க ஆள் வர்றாங்க. நல்ல காரியம். வாழ்த்துவோம். ஆனா வந்தவங்க அடுத்த வீட்டுக்குப் போகணுமே! அவங்க போனப்புறம் மிச்சம் இருக்கிற மணி நேரத்துக்கு யாரு?

இங்கேதான் நடுவர் அவர்களே, என் கதையோட ரெண்டாவது பாகம். புண்ணு ஆறின மாசம் அந்த அம்மா வந்து சொன்னாங்க, “அய்யா, அடுத்த மாசத்துல இருந்து நான் வரலை. சென்னையில தங்கி வேலை கிடைச்சிருக்கு. இங்கேயவிடக் கூட வரும். பொண்ணு பிளஸ் டூ படிக்கிறா.” நான் என்ன சொல்ல முடியும்? பேச்சுவாக்குல கேட்டேன், “வீட்ல யாரு இருக்கா?” “மாமியார் இருக்காங்கய்யா. ஒரு பக்கம் கை கால் வராது.” எனக்குத் திக்குன்னு ஆயிடுச்சு. “அவங்களை யாரு பாத்துக்குவா?” அந்த அம்மா சொன்னாங்க, “பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போறேன்யா.”

(அரங்கத்தில் அமைதி)

நினைச்சுப் பாருங்க. சென்னையில யாரோ ஒருத்தரோட தாய்க்கு ரெண்டு மணிக்கு ஒரு தடவை கை கிடைக்குது. அந்தக் கைக்குச் சொந்தக்காரியோட மாமியார் இங்கே புரளாம கிடக்காங்க. சென்னைப் பிள்ளை எங்கே? சிங்கப்பூர்ல. அங்கே இருந்து பணம் சென்னைக்கு வருது. சென்னையில இருந்து பணம் கிராமத்துக்கு வருது. பணம் எல்லா இடத்துக்கும் கீழே இறங்கி வருது. கை மட்டும் மேல மேல ஏறிப் போய்க்கிட்டே இருக்கு. கடைசியில இருக்கிற கட்டிலுக்குக் கை இல்லை. அந்தக் கடைசிக் கட்டில் நம்ம மாவட்டத்துல இருக்குங்க! (நீண்ட கைதட்டல்)

இது சென்னையோட நிக்கப்போறதும் இல்லை. ஜப்பானைப் பாருங்க. 1987-லயே பராமரிப்புப் பணியாளருக்குன்னு தேசியத் தகுதியைச் சட்டம் போட்டு உண்டாக்கினான். 2000-ல நாற்பது வயசு ஆனவங்க எல்லாரும் பணம் கட்டுற நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தான். அவ்வளவு செஞ்ச நாட்டுக்கே 2040-ல இன்னும் அஞ்சு லட்சத்து எழுபதாயிரம் பராமரிப்பாளர் தேவைன்னு அவங்க அரசாங்கமே மதிப்பீடு போட்டிருக்கு. 2019-ல வெளிநாட்டுக்காரங்களுக்குப் புதுசா ஒரு விசாவைத் திறந்தான். 2021-ல நம்ம நாட்டோட உடன்படிக்கையும் போட்டான். நம்ம பொண்ணுங்க போகட்டும், சம்பாதிக்கட்டும், நல்லா இருக்கட்டும். நான் தடுக்கல. ஆனா அவன் நம்ம பொண்ணோட கைக்கு மதிப்புத் தெரிஞ்சு விசா கொடுக்கிறான். அதே கைக்கு நாம என்ன கொடுக்கிறோம்? “ஏம்மா, போறப்ப அந்தப் பாத்திரத்தையும் கழுவிட்டுப் போ!” (சிரிப்பு, கைதட்டல்)

எதிரணியில சட்டத்தைப் பத்திப் பேசினாங்க. பெற்றோரைக் கைவிட்டா மூணு மாசம் ஜெயில்னு பயமுறுத்தினாங்க. உண்மைதான். பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. கோட்டாட்சியர்கிட்ட மனுக் கொடுத்தா, மாசம் பத்தாயிரம் வரைக்கும் பிள்ளையைக் கட்டச் சொல்லலாம். சட்டம் பணத்தைக் கொடுக்க வைக்கும். புரட்டிப் போட வைக்குமா? அதே சட்டத்துல மாவட்டத்துக்கு ஒண்ணுன்னு தொடங்கி, வசதியில்லாத முதியவர் குறைஞ்சது 150 பேர் தங்குற மாதிரி இல்லம் அமைக்கிறதைப் பத்தியும் இருக்கு. நான் தமிழ் வாத்தியார், வினைமுற்றைத்தான் முதல்ல பார்ப்பேன். அங்கே ‘அமைக்க வேண்டும்’னு இல்லீங்க, ‘அமைக்கலாம்’னு இருக்கு! (சிரிப்பு) என் மாணவனும் இப்படித்தான். “படிச்சியாடா?”ன்னா “படிக்கலாம் சார்”ம்பான்.

அந்த 2007-ல மூணு காரியம் நடந்துச்சு. அரியலூர் மறுபடியும் தனி மாவட்டம் ஆச்சு. முதியோர் சட்டம் வந்துச்சு. தமிழ்நாட்டுல வீட்டுப் பணியாளர்களுக்குன்னு ஒரு நலவாரியம் அமைஞ்சுச்சு. மாவட்டத்தை நாம மறக்கல. சட்டத்தை மேடையில சொல்றோம். அந்த மூணாவதை எத்தனை பேர் நினைச்சுப் பார்த்தோம்? நம்ம வீட்டுக்கு வர்ற அம்மா அந்த வாரியத்துல பதிஞ்சிருக்காங்களான்னு ஒருத்தராவது கேட்டிருக்கோமா?

ஆகவே நடுவர் அவர்களே, எங்கள் அணி கேட்பது பெரிய வரம் ஒன்றும் இல்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் நான்கு ஒன்றியம், அரியலூர் மாவட்டத்தில் ஆறு ஒன்றியம். ஆகப் பத்து. ஒன்றியத்துக்கு ஒரு பயிற்சி இடம் வேண்டும். அங்கே பயிற்சி முடித்த பெண்ணுக்கும் ஆணுக்கும், ஆமாம், ஆணுக்கும், வேலை இங்கேயே வேண்டும். ஒரு வீட்டுக்கு முழுநாள் ஆள் வைக்க வசதி இல்லையா? நாலு வீடு சேர்ந்து வைத்துக்கொள்ளட்டும். பால் சொசைட்டி வைக்கத் தெரிந்த ஊருக்கு இது தெரியாதா? வேலைக்கு நேரக் கணக்கு, வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பு, கைக்கு முழுசாகச் சேருகிற சம்பளம். இதைக் கொடுத்தால் அந்தக் கை ஊரில் நிற்கும். ஊரில் நின்றால் அதன் சொந்த மாமியாருக்கும் அது கிடைக்கும்.

பாசம் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பாசத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. வாரா வாரம் வந்து கண்ணீர் விடுவதோடு அந்த வேலை முடியவில்லை. பயிற்சி பெற்ற ஒரு கையைத் தேடிக் கொண்டுவருவதும், அதற்குரிய கூலியைக் குறைக்காமல் கொடுப்பதும், ராத்திரி ரெண்டு மணி முறையை நாமும் எடுத்துக்கொள்வதும் பாசம்தான். (கைதட்டல்)

நிறைவாக ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். புறநானூற்றுப் புலவர்களில் ஒரு முதியவர் இருக்கிறார். அவருடைய இயற்பெயர் நமக்குத் தெரியாது. தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். அவர் ஊன்றி நடந்த கோல்தான் அவருக்குப் பெயராக நிற்கிறது. முதியவரைத் தாங்கிய ஒரு கட்டைக்கு நம் இலக்கியத்தில் அவ்வளவு மரியாதை!

எங்கம்மா அதுக்கப்புறம் ஒரு வருஷம் இருந்தாங்க. போன அன்னிக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிச்சோம். பிள்ளைங்க பேரு, மருமக்கள் பேரு, பேரன் பேத்தி பேரு, துபாய்ல இருக்கிற பேரன் பேரு, பிறந்து நாலு மாசம் ஆன கொள்ளுப்பேரன் பேரு எல்லாம் இருந்துச்சு. புரூப் பார்த்தவன் நான். தமிழ்ப் பேராசிரியர் இல்லீங்களா? ஒரு ஒற்றுப்பிழை இல்லாம பார்த்தேன்.

அன்னிக்கு மத்தியானம் சென்னையில இருந்து பஸ் பிடிச்சு அந்த அம்மா வந்தாங்க. கூட்டத்துல கடைசியா நின்னாங்க. அந்தப் போஸ்டரை ஒரு நிமிஷம் பார்த்தாங்க. எனக்கு அப்பதான் உறைச்சுச்சு. அதுல அவங்க பேரு இல்லை. அது மட்டும் இல்லீங்க. அவங்க எங்க வீட்டுல வேலை பார்த்த முதல் ரெண்டு மாசமும் அவங்க பேரே எனக்குத் தெரியாது. ‘நர்சம்மா’ன்னுதான் கூப்பிட்டேன். மூணாவது மாசம் போன்ல சம்பளம் அனுப்பினப்போ திரையில பேரு வந்துச்சு. அப்பதான் தெரிஞ்சுக்கிட்டேன். அந்தப் பேரை மேடையில சொல்ல அவங்ககிட்ட நான் அனுமதி வாங்கல. அதனால சொல்லல. ஆனா நூறு ஒற்றுப்பிழையைத் திருத்தின நான், அந்த ஒரு பெரிய பிழையை விட்டுட்டேன் நடுவர் அவர்களே.

இங்கே இருக்கிற ஒவ்வொருத்தரையும் கேட்டுக்கறேன். வீட்டுல பெரியவங்களைப் பாத்துக்க யாராவது வர்றாங்களா? இன்னிக்கு ராத்திரி போனதும், “உங்க பேரு என்னம்மா? சாப்பிட்டீங்களா? உங்க வீட்டுல பெரியவங்களை யாரு பாத்துக்கறாங்க?”ன்னு கேளுங்க. அந்த மூணாவது கேள்விக்கு இந்த ஊரு சேர்ந்து பதில் சொல்ற நாள் வரணும். அதுக்கு இந்த மேடை ஒரு தொடக்கமா இருக்கட்டும்.

முதுமைக்குப் பெருந்துணை பயிற்சி பெற்ற கைகளே, அந்தக் கைகளைப் போற்றுவதே பிள்ளைகளின் பாசம் என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமைகிறேன்.

(நீண்ட கைதட்டல்)